தஞ்சையில் கூலியை ஏற்றியது ஆடுதுறை 27-ஆ, செங்கொடியா?

தாளடி

"பசுமைப் புரட்சியில் பண்ணையார் கொழுத்தார், கூலிக்காரன் கிடந்த இடத்திலேயே கிடந்தான்" என்று வேறொரு இழையில் ஒருவர் ஒற்றை வரியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். பழைய தஞ்சை மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாம். என் கட்சி நேர் எதிர். அங்கே கூலிக்காரனுக்குப் பேரம் பேசும் பலத்தைக் கொடுத்ததே ஆடுதுறை 27 என்ற புது நெல் விதைதான்.

1960-ல் தொகுப்புத் திட்டம் வந்தது. நாட்டிலேயே முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கூட்டுறவுக் கடன் எல்லாம் ஒரே கட்டாக. ஆனால் நெடிய சம்பா ரகங்களுக்கு உரத்தைக் கூட்டினால் தாள்தான் நீளும். கதிர் கனக்கும்போது பயிர் படுத்துவிடும். ஆகவே முதல் சில ஆண்டுகளில் கடன் ஏறிய அளவுக்கு விளைச்சல் ஏறவில்லை. 60-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்த பிறகுதான் கதை மாறியது. வயது 105 நாள். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, உடனே நாற்றங்கால், 22 முதல் 25 நாள் நாற்றைப் பிடுங்கி ஜூலையில் நடவு, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ அறுப்பு. இது முதல் போகமான குறுவை. அதே வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி.

கவனிக்க வேண்டியது அந்த அக்டோபரைத்தான். குறுவையை அறுத்து, தூக்கி, அடித்து, உழுது, சேறாக்கி, தாளடி நட்டு முடிக்க இரண்டு வாரம்கூடக் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் நாற்று வேர் பிடித்தாக வேண்டும். பிந்தினால் இளம்பயிர் மூழ்கி அழுகும். ஒருபக்கம் அறுப்புக்கு ஆள், இன்னொரு பக்கம் நடவுக்கு ஆள். ஒருபோகச் சம்பா காலத்தில் "நாளைக்கு வா" என்று சொல்ல முடிந்த மிராசுதாரால், குறுவை அக்டோபரில் அப்படிச் சொல்ல முடியாது. வேலைநிறுத்தம் பலிக்க வேண்டுமென்றால் முதலாளிக்கு அவசரம் இருக்க வேண்டும். அந்த அவசரத்தை உண்டாக்கியது விதை.

கடைமடை

தாளடி சார், கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 1969-ல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் எங்கே செல்லுபடியானது? கிழக்குத் தஞ்சையில் மட்டும். இருபோகம் நன்றாக நடந்த கும்பகோணம், பாபநாசம் பக்கம் அல்ல. கிழக்கு என்றால் கடைமடை: கனத்த களிமண், வடிகால் கிடையாது, நிலத்தடி நீர் உப்பு. வடிமுனைக் குழாய் இறக்கி, நிலத்தடி நீர் எடுத்து, மேட்டூர் திறக்குமுன்பே நாற்று விட மேற்கே முடியும், இங்கே முடியாது. பெரும்பகுதி ஒருபோகச் சம்பாதான். உங்கள் அக்டோபர் அவசரம் மிகக் குறைவாக இருந்த இடத்தில்தான் கூலிப் போராட்டம் மிக வலுவாக இருந்தது. இதற்கு என்ன பதில்?

என் பதில்: சங்கம். கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் வந்து கிசான் சபை என்ற விவசாயிகள் சங்கத்தைக் கட்டியது 1943 வாக்கில். ஆட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது 1944 மன்னார்குடி ஒப்பந்தத்துக்குப் பிறகு. 1948-ல் மாயூரம் ஒப்பந்தம். 1952-ல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். இவை எல்லாம் ஆடுதுறை 27 பிறப்பதற்கு முந்தைய கதை. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும், அதன் பிறகு சட்டம் வந்ததும் எதனால்? கூடுதல் கூலி கேட்டுச் சங்கமாக நின்றதனால். விதை கூலி கேட்காது.

மரக்கால்

இரண்டு பேருமே கூலி என்ற ஒன்றை எடைபோட்டுப் பார்க்காமல் பேசுகிறீர்கள். அது பணம் அல்ல, நெல். அதுவும் அறுப்புக் கூலி நாள்கணக்கு அல்ல, கலத்துக்கு இத்தனை என்று அளப்பது. இதைச் சேர்க்காவிட்டால் சண்டை ஏன் அந்த ஆண்டுகளில் வெடித்தது என்று விளங்காது.

தஞ்சாவூர்க் கலம் இரண்டு சேர்ந்தால் ஒரு மூட்டை, ஏறத்தாழ 60 கிலோ. கணக்குக்கு ஏக்கருக்கு 12 மூட்டை விளைந்த வயல் என்று வையுங்கள்: 24 கலம். கலத்துக்கு 5 லிட்டர் கூலி என்றால் அறுப்பாட்களுக்கு 120 லிட்டர். உரமும் புது விதையும் சேர்ந்து அதே ஏக்கர் 20 மூட்டை கொடுத்தால் 40 கலம், கூலி 200 லிட்டர். குனிந்து அறுக்கிற பரப்பு அதே ஏக்கர்தான். கட்டுக் கட்டித் தூக்குவதும் அடிப்பதும் மட்டுமே கூடும். மிராசுதார் என்ன சொல்வார்? "உரம் என் காசு, கடன் என் தலையில். விளைச்சல் கூடினதாலேயே உனக்குக் கூலி கூடிவிட்டது, இன்னும் ஏன் வீதத்தை ஏற்றச் சொல்கிறாய்?" ஆள் என்ன சொல்வான்? "உன் பங்கு எத்தனை மூட்டை கூடிற்று, அதைச் சொல்லு." அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு நடந்த சண்டை இதுதான். விளைச்சல் கூடாமல் கிடந்திருந்தால் பங்கிடக் கூடுதலாக எதுவும் இருந்திருக்காது. சங்கம் இல்லாமல் இருந்திருந்தால் கேள்வி எழுந்திருக்காது.

இன்னொன்று. கூலி அளந்தது குறுவையில் ஈர நெல். குறுகிய கால ரகங்களில் பலவற்றுக்கு விதை உறக்கம் மிகக் குறைவு. அக்டோபர் மழையில் கதிரிலேயே முளைவிடும். ஈர நெல் உப்பியிருக்கும், அளவில் நிறையும், காய்ந்தால் குறையும். அதே மரக்காலில் தை மாதச் சம்பா நெல் வாங்குவதும் ஐப்பசிக் குறுவை வாங்குவதும் ஒன்றல்ல. வாங்கின அன்றே அவித்துக் காயவைக்காவிட்டால் புழுங்கி நாறும். ஐப்பசியில் வெயில் எங்கே? ஆகவே பலர் அன்றைக்கே கடையில் அடிமாட்டு விலைக்குப் போட்டார்கள். "குறுவை வந்ததும் கூலிக்காரன் வீட்டில் இரண்டாம் களஞ்சியம்" என்று எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தாளடி

மரக்கால் அண்ணன் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு. பங்கிட ஏதாவது இருந்தால்தானே சண்டை.

கடைமடை அண்ணே, வரைபட வாதம் நல்ல வாதம், ஒதுக்க மாட்டேன். ஆனால் கிழக்கே ஒருபோகம் என்பதால் அவசரம் இல்லை என்று ஆகாது. வெளியூர் ஆளை இறக்கியதுதான் அங்கே முக்கியத் தகராறு. வெளியூர் ஆள் எதற்கு வருவான்? அவன் ஊரில் வேலை முடிந்த நேரத்தில் இங்கே அறுப்பு இருப்பதால். மேற்கே குறுவை, தாளடி என்று ஊருக்கு ஊர் பட்டம் பிரிந்தபோது ஆட்கள் ஊர்விட்டு ஊர் நகர்கிற காலண்டரும் மாறிற்று. கடைமடையில் அதன் அலை அடித்தது.

கடைமடை

அலை அடித்தது என்பது சாட்சி ஆகாது. குறுவை என்பதே 1966-ல் பிறந்த பயிர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். குறுவையும் ஒட்டடையானும் கலந்து விதைக்கிற ஊடு சாகுபடி டெல்டாவில் பழையது. இரண்டு நெல்லையும் ஒரே நாற்றங்காலில் கலந்து விட்டு ஒன்றாகவே நடுவார்கள். குறுகிய வயது நெல் முதலில் முற்றும். அறுக்கும்போது ஒட்டடையான் தாளும் சேர்ந்தே வெட்டுப்படும். பிறகு ஒட்டடையான் மட்டும் துளிர்த்து வளர்ந்து தையில் அறுப்பு. ஒரு உழவு, ஒரு நடவு, இரண்டு அறுப்பு. மிராசுதாருக்கு நடவுக் கூலி மிச்சம். நடவுப் பெண்களுக்கு ஒரு வேலை போச்சு. ஆடுதுறை 27 இந்த ஊடு முறையை ஒழித்ததால் பெண்களுக்கு இரண்டாம் நடவு கிடைத்தது என்று சொன்னீர்கள் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அதை நீங்கள் சொல்லவே இல்லை!

1934-ல் மேட்டூர் முடிந்ததும் இந்தக் கணக்கில் வர வேண்டும். தண்ணீர் வருகிற தேதி நிச்சயமானது அதனால்தான். கல்லணையிலிருந்து புது ஆறு வெட்டிப் பட்டுக்கோட்டைப் பக்கம் மேட்டுநிலத்துக்கெல்லாம் நெல் போனது. (அணைக்கு முன் வெள்ளத்தோடு வந்த வண்டல் நின்று போனதால்தான் உரத்தின் தேவையே வந்தது என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. முழு உண்மை அல்ல, முழுப் பொய்யும் அல்ல.) ஒரு விதைக்கு எல்லாப் பெருமையும் கொடுப்பது ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்து அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது.

பண்ணையாள் விஷயத்துக்கு வருகிறேன். 1952 சட்டம் ஒரு வேலிக்குக் குறையாத நிலம் வைத்திருந்தவர்களையே கட்டியது. வேலி என்றால் 6.66 ஏக்கர். பல மிராசுதார்கள் செய்தது என்ன? பண்ணையாள் என்று பேரில் யாரையும் வைக்காமல் எல்லாரையும் தினக்கூலி ஆக்கினார்கள். ஆண்டு முழுக்கக் கட்டிவைத்த அடிமைத்தனம் போனது. அதோடு தையில் வேட்டி சேலை, கல்யாணத்துக்குக் கடன், வேலையில்லாத சித்திரை வைகாசியில் முன்படியாக நெல் எல்லாம் போச்சு. கட்டு அறுந்தது நல்லதுதான். ஆனால் பசிக்கிற மாதத்தில் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு ரேஷன் கடை வருகிறவரை பதில் இல்லை.

உண்மையில் பேரபலத்தை மாற்றியது எது என்று கேட்டால் 1971 குடியிருப்புச் சட்டம் என்பேன். அதற்கு முன் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி கேட்டால் "இடத்தைக் காலி பண்ணு." குடிசையும் கூலியும் ஒரே ஆள் கையில் இருக்கும்போது எந்த அக்டோபர் அவசரமும் உதவாது. மனைக்குப் பட்டா கையில் வந்த பிறகுதான் பத்து நாள் வேலைக்குப் போகாமல் உட்கார முடிந்தது.

மரக்கால்

குடியிருப்புச் சட்டம் பற்றிச் சொன்னது இந்த இழையிலேயே கனமான குறிப்பு. பேசுகிறவர்கள் எல்லாரும் நில உச்சவரம்புச் சட்டத்தையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். 1961-ல் வரம்பு 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-ல் 15 ஆகக் குறைந்தது. ஆனால் கோயில், மடம், அறக்கட்டளை, பினாமி என்று வழிகள் இருந்ததால் கூலிக்காரன் கைக்கு வந்தது சொற்பம். மனைப்பட்டா சின்னது, ஆனால் கைக்கு வந்தது.

உளுந்து

நீங்கள் எல்லாரும் 1971-லேயே நின்றுவிட்டீர்கள். சாதாரண மக்கள் வாழ்க்கையைத் தலைகீழாக்கியது அதற்குப் பின்னால் வந்த இரண்டு சாமான்கள்: களைக்கொல்லி, அறுவடை வண்டி.

களைக்கொல்லியை எடுங்கள். நடவு முடிந்த மூன்றாம் நாள் ஏக்கருக்கு ஒரு லிட்டர் பூட்டாகுளோர், 20 கிலோ மணலில் கலந்து வயலில் வீசினால் தீர்ந்தது. வயலில் ஓர் அங்குல நீர் நின்றாக வேண்டும். வடித்துவிட்டால் மருந்து படலம் கட்டாது, களை முளைத்துவிடும். வீசிய பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடிக்கவும் கூடாது. வேலை ஓர் ஆளுக்கு அரை மணி நேரம். முன்பு அதே ஏக்கருக்கு முதல் களைக்கு மட்டும் எட்டுப் பத்துப் பெண்கள் ஒரு நாள் இறங்குவார்கள், அப்புறம் இரண்டாம் களை. ஆண்களின் வேலையை டிராக்டர் எடுத்தபோது ஊரே கூச்சல் போட்டது. பெண்களின் களைவேலை பாட்டிலில் போனபோது எந்தக் கொடியும் ஏறவில்லை. அந்தக் களையில் அவர்கள் கூலி மட்டும் வாங்கவில்லை: ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி மடியில் வரும், வரப்பில் நண்டு, வாய்க்காலில் கெண்டை, குறவை, நத்தை. பூச்சிமருந்து வந்த பிறகு வயல் மீனும் நண்டும் குறைந்தன. கூலிக்காரன் தட்டில் சோற்றோடு இருந்த ஒரே கவிச்சி அதுதான்.

தாளடி

அந்த மருந்து வாதத்தை ஏற்கிறேன். ஆனால் வண்டி விஷயத்தில் காரணத்தைத் திருப்பிப் போடாதீர்கள். அறுவடை வண்டி வந்ததால் ஆள் போகவில்லை. ஆள் போனதால் வண்டி வந்தது. திருப்பூர், சென்னைக் கட்டட வேலை, வெளிநாடு என்று இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டம் இருந்தது. ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது 2008-ல், 2011 முதல் இலவசம். பசி என்ற கட்டாயம் போனதும் குனிந்து அறுக்க யார் வருவார்கள்? இப்போது நடவுக்கே மேற்கு வங்கத்துக் குழுக்கள் வருகின்றன.

கடைமடை

எந்த வண்டி என்று பிரித்துச் சொல்லுங்கள் சார். 60-களின் கடைசியிலும் 70-களிலும் கிழக்குத் தஞ்சைக்கு டிராக்டர் வந்தது ஆள் பஞ்சத்தால் அல்ல, சங்கத்தை உடைக்க. உழவு ஆட்களுக்கு இனி அவசியமில்லை என்று காட்ட. அறுவடை வண்டி வேறு கதை, அங்கே நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் "இயந்திரமயம்" என்று அடைத்துவிட்டால் வரலாறு குழம்பும்.

நெறியாளர்

கீழ்வெண்மணி வழக்குத் தீர்ப்பு பற்றிய பதிவுகள் இரண்டைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே உழவு முறையும் வாழ்க்கையும் மட்டும்.

உளுந்து

வண்டி ஏன் வந்தது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. வந்து என்ன செய்தது என்பதுதான் என் பேச்சு.

ஆத்தூர், சேலம் பக்கத்து வண்டிகள் தரகர் மூலம் இறங்கும். வயல் காய்ந்திருந்தால் ஏக்கருக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஈரமாக இருந்தாலோ பயிர் சாய்ந்திருந்தாலோ இரட்டிப்பு. வாடகை மணிக்கணக்கு என்பதால் நட்டம் விவசாயிக்கு. டயர் வண்டி ஈரத்தில் புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் தாங்கும். அதுவும் சேற்றில் முழங்கால் தடம் போட்டுவிட்டுப் போகும். அடுத்த பட்டத்துக்குச் சமன்படுத்தத் தனிச் செலவு. ஆகவே அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை வடித்தாக வேண்டும்.

அடுத்தது ஈரப்பதம். கையால் அறுத்த காலத்தில் அரியை, அதாவது அறுத்த தாளை, ஓரிரு நாள் வயலிலேயே காயப்போட்டு அப்புறம் களத்துக்குத் தூக்குவார்கள். வண்டி நெல் அறுத்த நிமிடமே மூட்டைக்குப் போகிறது, ஈரம் 20 சதவீதத்துக்கு மேல். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17. மழைக்காலத்தில் டெல்லி தளர்வு கொடுத்தால் கொஞ்சம் கூடும். ஆகவே தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி ராத்திரி காவல். முன்பு களத்துமேட்டில் நடந்த வேலை இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்கிறது, லாரிக்கு நடுவே.

கூலிக்காரக் குடும்பம் இழந்தவை கணக்குப் புத்தகத்தில் இல்லாதவை. உதிர்ந்த கதிர் பொறுக்குவது, எலிவளை நெல், போரடியில் மிஞ்சும் நெல், கூரை வேயவும் மாட்டுக்கும் ஒரு கட்டு வைக்கோல். வண்டி சிந்துகிற நெல்லை இன்று பொறுக்குவது வாத்து மேய்ப்பவர்களின் வாத்துகள்.

பெரிய இழப்பு பயறு. தாளடியோ சம்பாவோ அறுப்பதற்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயறையும் தெளிப்பார்கள். ஏக்கருக்கு 10, 12 கிலோ. உழவு இல்லை, தண்ணீர் இல்லை. பனி ஈரத்திலேயே 70, 75 நாளில் வரும். பறிக்கிற பெண்களுக்குக் கூலி அந்த உளுந்திலேயே பங்கு. வேலையில்லாத பங்குனி, சித்திரையில் வீட்டுக்குள் வந்த பருப்பு அதுதான். கையால் அறுத்தபோது முளைத்த செடியை மிதித்தாலும் நிமிர்ந்துவிடும். பெல்ட் வண்டி ஏறினால் தடம் முழுக்க நசுங்கிவிடும். வண்டி வந்த ஊர்களில் பயறுப் பரப்பு சுருங்கியதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

தாளடி

பத்து நாளுக்குப் பதிலாக அறுப்புக்குப் பிறகு தெளித்தால் போயிற்றே? நசுங்குகிற பேச்சே இல்லை.

உளுந்து

வண்டி போன மறுநாள் தெளித்தால் மேல்மண் காய்ந்து இறுகியிருக்கும், விதை மண்ணில் ஒட்டாது. மைனாவும் புறாவும் தின்றுவிடும். நடுவழி ஒன்று உண்டு: வண்டி அறுப்புக்கு நான்கு நாள் முன்பு தெளிப்பது. அப்போது விதை நீர் உறிஞ்சி முளை கண்டிருக்கும், இலை விட்டிருக்காது, தடத்துக்கு வெளியே இருப்பது தப்பிக்கும். தடத்தில் போவதை ஈடுகட்ட விதையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஆனால் வண்டி எந்த நாள் வரும் என்று தரகரே சொல்ல முடியாதபோது நான்கு நாளை எதிலிருந்து எண்ணுவது? எட்டு நாள் தள்ளி வந்தால் செடி நசுங்கும், முன்னாலேயே வந்து நின்றால் விதை இன்னும் சாக்கில் இருக்கும்.

மரக்கால்

இதைத்தான் முதலிலிருந்தே சொல்ல வந்தேன். பயறு போனதில் மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும் கொஞ்சம் நட்டம், நெல் பணத்தில் ஈடாகிவிடும். பங்கு உளுந்து வாங்கிய பெண்ணுக்கு அந்த ஈடு கிடையாது. ரேஷனில் அரிசி இலவசம், உளுந்து அப்படி அல்ல. தாளடி சாரின் அக்டோபர் அவசரமும் கடைமடைத் தோழரின் குடியிருப்புப் பட்டாவும் ஆண் கூலியைப் பற்றிய விவாதம். பெண் கூலி எந்த ஆண்டு ஏறியது, எந்த ஆண்டு இறங்கியது என்று தனியாக ஒரு கணக்குப் போட்டால் உங்கள் இரண்டு பேரின் ஆண்டுகளும் அதில் பொருந்தாது.

கடைமடை

பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 1969 சட்டத்தில் பெண்ணுக்கும் கூலி எழுதப்பட்டது சங்கம் இருந்ததால். களைக்கொல்லிக்கு எதிராக ஒரு சட்டமும் வராதது சங்கம் அந்த வேலையை வேலையாகவே எண்ணாததால். இரண்டுக்கும் காரணம் விதை அல்ல.